இளநரையும் இளைப்பும்

இலஞ்சியில் எங்கள் பெரியப்பா வீட்டிலிருந்து குமாரர் கோயிலுக்கு ஐந்து நிமிட நடை. நடுவில் ஒரு வாய்க்கால் பாலம் வரும். 2022 ஜூலையில், நல்ல சாரல் நாளில், இருவரும் கோயிலுக்குக் கிளம்பினோம். பாலத்துக்கு வந்ததும் பெரியப்பா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "நீ முன்னால போயிட்டிரு. தண்ணி எம்புட்டுப் போகுதுன்னு பாத்துட்டு வாரேன்" என்றார். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. சட்டைக் காலருக்கு மேலே கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. முப்பத்தைந்து வருடம் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போன வாத்தியார் அவர். அந்தச் சுவரில் அவர் உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில். "அறுபத்தெட்டு வயசாகுதுல்லா" என்றார் பெரியம்மா. சளி கட்டியிருக்கிறது என்றார் அண்ணன். ஆனால் அந்த இருமலில் சளியே வரவில்லை. பேச ஆரம்பித்தால் இருமல், சிரித்தால் இருமல், குனிந்து செருப்பை மாட்டினால் இருமல். எல்லாம் வறட்டு இருமல்.

எங்கள் பக்கத்தில் விடாத இருமல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். திருநெல்வேலிச் சீமையின் மகத்தான எழுத்தாளர் புதுமைப்பித்தனை 1948-இல், 42 வயதில் கொண்டுபோன நோய் அது. அந்த அச்சம் இன்றைக்கும் தெருவில் மட்டுமல்ல, மருத்துவமனைகளிலும் இருக்கிறது. சளியில் கிருமி காணாமலே பெரியப்பாவுக்கு ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். நோய் நகரவில்லை, அந்த ஆறு மாதம் மட்டும் போயிற்று. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் காசநோய் என்று தொடங்கிவிடுவது இந்த நோய்க்காரர்கள் பலருக்கும் நம் நாட்டில் நடந்திருக்கிறது.

பிறகு பார்த்த நுரையீரல் மருத்துவர் எக்ஸ்ரேயை ஓரமாக வைத்துவிட்டு, பெரியப்பாவின் முதுகில், விலாவின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். எனக்கும் கேட்கக் கொடுத்தார். பிள்ளைகளின் செருப்பில் இருக்கும் ஒட்டுப்பட்டையை மெல்லப் பிரித்தால் சரசரவென்று ஒரு சத்தம் வருமே, அச்சு அசல் அது. ஒவ்வொரு மூச்சும் உள்ளே இழுபட்டு முடிகிற தறுவாயில் அந்தச் சத்தம். உலகம் முழுக்க மருத்துவர்கள் இதை வெல்க்ரோ ஒலி என்றுதான் சொல்கிறார்கள். அடுத்து பெரியப்பாவின் விரல்களைப் பார்த்தார். விரல் நுனிகள் முரசுக் குச்சியின் தலைபோல உருண்டு, நகங்கள் வளைந்திருந்தன. சிடி ஸ்கேனில் நுரையீரலின் அடியோரங்களில் தேன்கூடு தெரிந்தது. ஃபைப்ரோசிஸ் என்ற சொல்லை அன்றைக்குத்தான் எங்கள் வீடு முதன்முதலில் கேட்டது.

நுரையீரலுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர், அதாவது ஒரு நடுத்தர வீட்டின் முழுத் தரை. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர், தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் ஆக்சிஜன் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ரத்தத்துக்குப் போய்விடுகிறது. இந்தச் சுவர் தடித்து நாராகிப் போவதே ஃபைப்ரோசிஸ்.

பிஞ்சுப் பீர்க்கங்காயை அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கும். கொடியிலேயே முற்றவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் நார்க்கூடாகிவிடும். உடம்பு தேய்த்துக் குளிக்கத்தான் ஆகும். காயின் அளவு பெரிதாக மாறவில்லை, உள்ளே இருந்த மெதுமெதுப்பு போய்விட்டது. நாரான நுரையீரலும் அப்படித்தான். விரிய மறுக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது தேவையான ஆக்சிஜன் எப்படியோ கிடைத்துவிடுகிறது. நடந்தால், படி ஏறினால், குளித்துத் துவட்டினால் போதவில்லை. அதனால்தான் இந்த நோய் முதலில் பாலத்துச் சுவரில் தெரிகிறது, ஈசிச்சேரில் தெரிவதில்லை.

*

மருத்துவர் கேட்ட கேள்விகள் வினோதமாகத் தோன்றின. வீட்டில் புறா வளர்க்கிறீர்களா? ஏர்கூலர் உண்டா, அதில் தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? வைக்கோல் படப்பில் வேலை செய்வீர்களா? மர மில்லில் இருந்ததுண்டா? வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள் உண்டா? விறகடுப்பா?

அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. 2012-க்கும் 2015-க்கும் இடையே இந்தியாவின் 27 மருத்துவ மையங்கள் சேர்ந்து இத்தகைய நோயாளிகள் 1,084 பேரைப் பதிவு செய்தன. மேலை நாடுகளில் அதிகம் பேசப்படுவது காரணம் தெரியாத ஃபைப்ரோசிஸ். அந்த வகை இங்கே 100-க்கு 14 பேரிடம்தான் இருந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருந்தது, மூச்சில் போகும் பூஞ்சை, பறவை எச்சத் தூசி போன்றவற்றை நுரையீரல் ஒவ்வாமையோடு எதிர்த்து எதிர்த்துப் புண்ணாகும் வகை. ஏர்கூலரில் தேங்கிய தண்ணீர் அதில் முக்கியமான சந்தேகப் புள்ளி. ஈர வைக்கோலில் வரும் பூஞ்சையும் அப்படித்தான். வயலும் வைக்கோலும் நிறைந்த இலஞ்சியில், மர அறுவை மில்கள் உள்ள செங்கோட்டைப் பக்கத்தில், வீட்டுத் திண்ணைதோறும் பீடித்தட்டு இருக்கும் தென்காசி வட்டாரத்தில் இதையெல்லாம் கேட்காமல் நோயைப் பெயரிடக்கூடாது. காரணம் கண்டு விலக்கினால் இந்த வகையில் பலருக்கு நோய் மட்டுப்படும்.

பெரியப்பாவிடம் எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். புகை பிடித்தவரில்லை. புறா இல்லை. கூலர் இல்லை, சாரல் காற்று இருக்கிற ஊரில் அது எதற்கு? ஆக, கடைசியில் அறிக்கையில் எழுதப்பட்டது 'இடியோபதிக்'. கிரேக்கத்திலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு மருத்துவத்தில் பொருள், காரணம் தெரியவில்லை என்பதுதான்.

2024 டிசம்பர் 15 அன்று தபலா மேதை ஜாகிர் ஹுசைன் சான் பிரான்சிஸ்கோவில் 73 வயதில் காலமானபோது, குடும்பத்தார் அறிவித்த காரணமும் இதே இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அவர் ஒரே இரவில் மூன்று கிராமி விருதுகள் பெற்றிருந்தார். நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமோடு 'சக்தி' குழுவில் ஐம்பது வருடத்துக்கு முன்பே வாசித்தவர். அந்த வாரம் தமிழ்ச் செய்தித்தாள்களில் இந்த நோயின் பெயர் வந்தது. பெரியப்பா செய்தியைக் கத்தரித்து டைரியில் ஒட்டி வைத்திருந்தார். "பெரிய மனுசன். அவருக்கும் ஏன்னு தெரியலையாம்" என்றார். ஏன் என்ற அந்தக் கேள்விதான் அவரை மாத்திரைகளைவிட அதிகம் வாட்டியது. நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று அவர் கேட்காத மாதம் இல்லை.

*

இரண்டாம் முறை போனபோது மருத்துவர் கேட்ட கேள்வியை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. "உங்களுக்கு எந்த வயசுல தலை நரைச்சது?"

பெரியம்மா முந்திக்கொண்டு சொன்னார்: "கல்யாணத்தன்னிக்கே நரைதான் சார்."

வீட்டுக்கு வந்து 1980-இல் எடுத்த கல்யாண ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். மாப்பிள்ளைக் கோலத்தில் பெரியப்பாவுக்குக் கன்னங்கரேலென்று முடி. 26 வயது. படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் புரிந்தது. காதோரமும் நெற்றிக்கு மேலும் மினுமினுப்பு மாறியிருந்தது. தென்காசி ஸ்டுடியோக்காரர் பிரஷ்ஷால் மை தொட்டு, நரையை ஒவ்வொரு இழையாகக் கறுப்பாக்கியிருக்கிறார். நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அந்த மை மங்கவில்லை.

நரைக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு ஒரு குளத்துக்குப் போகவேண்டும். இலஞ்சி என்ற சொல்லுக்கே குளம் என்று பொருள் உண்டு. நன்னீர்க் குளங்களில் கண்ணுக்குத் தெரியாத டெட்ராஹைமினா என்ற ஓரணு உயிரி, உடம்பைச் சுற்றி மயிரிழைகளோடு நீந்தித் திரிகிறது. எலிசபெத் பிளாக்பர்ன் என்ற இளம் ஆராய்ச்சியாளர் அதன் குரோமோசோம்களின் நுனியை ஆராய்ந்து, அங்கே ஒரே சிறு எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வருவதை 1978-இல் வெளியிட்டார். 1984 கிறிஸ்துமஸ் நாளில், அவருடைய ஆய்வகத்தில் மாணவி கேரல் கிரைடர், அந்த நுனியை நீட்டிக் கட்டும் நொதியின் தடயத்தைக் கண்டார். நுனிக்குப் பெயர் டெலோமியர், நொதிக்குப் பெயர் டெலோமரேஸ். 2009-இல் இருவருக்கும், ஜாக் சோஸ்டாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குளத்து உயிரியை ஏன் ஆராய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.

கிணற்றுக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏவும் இரண்டு பிரியாகத் திரித்த கயிறுதான். கயிற்றின் நுனியை முடிந்து வைக்காவிட்டால் பிரி பிரியாகக் கழன்று, நாளாவட்டத்தில் நடுக்கயிறும் கெடும். டெலோமியர் அந்த முடிச்சு. மனிதரில் ஆறெழுத்துக் கோவை ஒன்று ஆயிரக்கணக்கான முறை அடுக்கப்பட்டு அந்த முடிச்சாகிறது. செல் ஒவ்வொரு முறை இரண்டாகும்போதும் நுனி கொஞ்சம் குறைகிறது. மிகவும் குட்டையானதும் செல் பிரிவதை நிறுத்திவிடுகிறது, அல்லது மடிகிறது. டெலோமரேஸ் இந்தத் தேய்வை ஈடுகட்ட முயல்கிறது. அதைச் செய்யும் மரபணுக்களில் பழுது இருந்தால் முடிச்சு பிறவியிலேயே குட்டை.

அப்படிப்பட்ட உடம்பில் எந்த இடம் முதலில் சிரமப்படும்? வாழ்நாள் முழுக்கப் புதுச் செல் தேவைப்படும் இடங்கள். முடிக்கு நிறமூட்டும் செல்களின் ஊற்று வற்றினால் இருபதுகளிலேயே நரை. எலும்பு மஜ்ஜை சோர்ந்தால் ரத்தம் ஊறாது, தட்டணுக்கள் குறையும். ஈரலில் தழும்பு விழும். நுரையீரலில், காற்றறைச் சுவரைப் பழுதுபார்க்கும் இரண்டாம் வகைச் செல்கள் ஓய்ந்துபோனால், புண்ணை மூட நார் வந்து குவியும். 2007-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மேரி ஆர்மானியோஸ் குழுவும், டெக்சாஸில் கிறிஸ்டின் கார்சியா குழுவும், குடும்பத்தில் தொடரும் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் சிலரிடம் டெலோமரேஸ் மரபணுக்களான டெர்ட், டெர்க் இரண்டிலும் பழுதுகளைக் கண்டார்கள். பின்னர் ஆர்டெல்1, பார்ன் என்று பட்டியல் வளர்ந்தது. ரத்த உறவில் இன்னொருவருக்கும் நோய் உள்ள குடும்பங்களில், ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இன்று இப்படி ஒரு மரபணுக் காரணம் காட்ட முடிகிறது. 'இடியோபதிக்' என்ற சொல்லின் எல்லை அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

*

மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளில் எங்கள் குடும்பத்தை வரையச் சொன்னார். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம், இறந்தவர்கள்மேல் ஒரு குறுக்குக் கோடு. இதைப் போட உட்கார்ந்தபோதுதான் எங்கள் குடும்பம் எவ்வளவு விஷயங்களைப் பேசாமலே நகர்த்தியிருக்கிறது என்று தெரிந்தது.

தாத்தா இறந்தது 'ஆஸ்துமா'வில் என்று கேள்விப்பட்டிருந்தேன். எழுபத்தைந்து வயதில், மழைக்காலத்தில், உட்கார்ந்தபடியே போனாராம். அவருடைய தம்பி, அதாவது சின்னத் தாத்தா, ஐம்பத்திரண்டு வயதில் வயிற்றில் நீர் கோத்து, ஈரல் கெட்டு இறந்தார். ரகசியமாகக் குடித்தார் என்றுதான் ஊரில் பேச்சு. அவருடைய பிள்ளைகள் ஊரை விட்டே போனதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். பெரியப்பாவின் தங்கை, சுரண்டையில் இருக்கும் அத்தைக்குப் பதினெட்டு வயதிலிருந்தே தலைக்கு மை. அத்தையின் மூத்த மகனுக்கு முப்பது வயதிலிருந்து ரத்தத் தட்டணுக்கள் குறைவு. வருடா வருடம் டெங்குவா என்று பார்ப்பார்கள், இருக்காது.

ஆஸ்துமா, குடி, இளநரை, டெங்கு சந்தேகம் என்று நான்கு கதைகளை நான்கு தனித்தனி டப்பாக்களில் போட்டு வைத்திருந்தோம். ஒரே தாளில் வரிசையாகப் பார்த்ததும் மருத்துவரின் பேனா அசையாமல் நின்றது.

டெலோமியர் குடும்பங்களில் இன்னொரு துயரமும் உண்டு. பழுதுபட்ட மரபணு மட்டும் பிள்ளைக்குப் போவதில்லை. குட்டையாகிப்போன நுனியும் சேர்ந்தே போகிறது. அதனால் தலைமுறைக்குத் தலைமுறை நோய் இளமையில் வருகிறது. தாத்தாவுக்கு எழுபதில் இளைப்பு, மகனுக்கு அறுபதில், பேரனுக்கு முப்பதில் ரத்தக் குறை. ஒரே நோய் மூன்று துறை மருத்துவர்களிடம் மூன்று பெயரில் போய் நிற்கிறது.

உறவுக்குள் கட்டியதால்தான் இப்படி என்றார் அண்ணன். பெரியப்பா கட்டியது மாமன் மகளை. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் ரத்த உறவில் நடப்பதாக தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஆகவே இந்தப் பழி எல்லா வீட்டிலும் எளிதாக விழும். ஆனால் டெலோமியர் பழுதுகள் பெரும்பாலும் ஒற்றைப் பிரதியிலேயே வேலையைக் காட்டிவிடும். தகப்பனிடமோ தாயிடமோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையா மாதிரி பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதற்கு உறவுத் திருமணம் தேவையே இல்லை. இரண்டு பக்கமும் பழுது சேர்ந்தால்தான் வரும் நுரையீரல் நோய்களும் உண்டு, அங்கே உறவுத் திருமணம் நிச்சயமாகப் பொருட்படுத்த வேண்டியது. வெளுத்த முடி, ஆடும் கண்பார்வை, லேசாக இடித்தாலே ரத்தம் கட்டுதல், நடு வயதில் ஃபைப்ரோசிஸ் என்று வரும் ஹெர்மன்ஸ்கி–புட்லாக் நோய் அதில் ஒன்று. போர்ட்டோ ரிக்கோவின் வடமேற்கில் 1,800 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. பெரியம்மா அன்று ராத்திரி, "அப்ப நான் வந்ததால இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை பெரியம்மா, இல்லை.

*

மரபணுப் பரிசோதனை என்றதும் பெரிய இயந்திரங்களை எதிர்பார்த்திருந்தோம். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் சில மில்லிலிட்டர் ரத்தம், கையெழுத்துப் போட ஒரு ஒப்புதல் படிவம், அவ்வளவுதான். ரத்தம் கூரியரில் பெருநகர ஆய்வகத்துக்குப் போயிற்று. சில வாரம் கழித்து வந்த அறிக்கையில் டெர்ட் மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியிருப்பதாக இருந்தது. அதற்கு எதிரே 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று எழுதியிருந்தது.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் மனம் உடைந்துபோகின்றன. கண்டுபிடித்த மாற்றத்தை ஆய்வகங்கள் ஐந்து தட்டுகளில் ஒன்றில் வைக்கின்றன. ஒரு ஓரத்தில் 'நோய் தருவது', மறு ஓரத்தில் 'தீங்கற்றது', நட்ட நடுவில் இந்த உறுதியாகாதது. அந்த மாற்றம் ஆரோக்கியமான பலரிடமும் இருக்கிறது என்று தெரிந்தால் சந்தேகம் குறையும். அதைத் தெரிந்துகொள்ள உலகின் தரவுத்தொகுப்புகளைப் பார்த்தால், அவற்றில் நிரம்பியிருப்பவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் பக்கத்து ரத்தத்தில் சாதாரணமாக ஓடும் ஒரு மாற்றம் அங்கே அபூர்வமாகத் தெரியும். 2011-இல் கண்டறியப்பட்ட மியூக்5பி என்ற சளி மரபணுவின் மாற்றம், ஐரோப்பிய நோயாளிகளிடம் மிகப் பரவலான அபாயக் காரணி. கிழக்காசியாவில் அது அபூர்வம். ஓர் ஊர் விடையை இன்னோர் ஊருக்கு அப்படியே எடுத்து வைக்க முடியாது. ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியரின் முழு மரபணுத் தொகுப்பைப் படித்து, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. பெரியப்பா போன்றவர்களின் அறிக்கையில் நடுத்தட்டு காலியாவதற்கு அது மிக மிகத் தேவையான தொடக்கம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அது குடும்பத்தின் கையில். நோய் அறிகுறி உள்ள இன்னொரு ரத்த உறவிடமும் அதே எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் சந்தேகம் ஒரு தட்டு அந்தப் பக்கம் நகரும். இல்லாவிட்டால் இந்தப் பக்கம். மருத்துவர் தாளில் ஒரு வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். சுரண்டை அத்தை. இரண்டு வருடமாக அத்தைக்கும் வறட்டு இருமல்.

இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது, மருந்தா இருக்கிறது என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவைப் படித்தபிறகு நான் அப்படிக் கேட்பதில்லை. பல ஆண்டுகள் இந்த நோய்க்கு ஸ்டீராய்டு, அசாதயோப்ரின் முதலியவற்றைச் சேர்த்துக் கொடுப்பதே வழக்கமாக இருந்தது. நோய் எதிர்ப்பு வேகத்தை அடக்கினால் நுரையீரல் ஆறும் என்ற நம்பிக்கை. போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் 8 பேர் இறந்திருந்தார்கள், போலி மாத்திரைக்காரர்களில் ஒருவர். ஆய்வில் அந்த மருந்துக் கூட்டைக் கொடுப்பதையே பாதியில் நிறுத்தினார்கள். பின்னர் அதே நோயாளிகளின் சேமித்த ரத்தத்தில் டெலோமியரை அளந்தபோது, அந்தத் தீங்கு விழுந்தது டெலோமியர் குட்டையாக இருந்தவர்கள்மேல் என்று தெரியவந்தது. ஆக, எந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்பதை இந்தப் பரிசோதனையால் சொல்ல முடியும். நுரையீரல் மாற்று அறுவைக்கு எழுதி வைக்கும்போது, பிறகு கொடுக்கும் மருந்துகளை மஜ்ஜை தாங்குமா என்பதை முன்கூட்டியே யோசிக்கலாம். 1983-இல் டொரோன்டோவில் முதன்முதலாக வெற்றிபெற்ற ஒற்றை நுரையீரல் மாற்றே ஒரு ஃபைப்ரோசிஸ் நோயாளிக்குத்தான் நடந்தது. அவர் ஆறு வருடத்துக்கும் மேல் வாழ்ந்தார். அத்தை மகனுக்கு நாளை மஜ்ஜை மாற்று வேண்டியிருந்தால், கொடுக்க முன்வரும் தம்பியின் மஜ்ஜையிலும் அதே குறை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ரத்தக்குறைக்காரரையும் ஈரல்காரரையும் ஒரே கண்ணால் பார்க்க ஒரு மருத்துவர் கிடைப்பார்.

யாருக்கு, எப்போது நோய் வரும் என்பதை மட்டும் அது சொல்லாது. பழுது உள்ளவர்களிலும் அறுபதைத் தாண்டி நன்றாக மூச்சு விடுகிறவர்கள் உண்டு. புகையும் தூசியும் அதில் நிச்சயம் பங்கு வகிக்கின்றன. அறிகுறி எதுவும் இல்லாத நான் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா என்று ஒரு மாதம் யோசித்தேன். பெரியப்பாவின் மாற்றத்துக்கே பொருள் உறுதியாகாதபோது என் ரத்தத்தில் அதைத் தேடுவதில் அர்த்தமில்லை என்றார் மரபணு ஆலோசகர். அது சரியான பேச்சு.

*

இதற்கிடையே வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. 2014-இல் இரண்டு மருந்துகள் பெரிய ஆய்வுகளில் தேறின: பிர்ஃபெனிடோன், நின்டெடானிப். நின்டெடானிப் ஆய்வில், போலி மாத்திரைக்காரர்கள் ஓர் ஆண்டில் இழந்த மூச்சுக் கொள்ளளவு சுமார் 240 மில்லிலிட்டர். மருந்து எடுத்தவர்கள் இழந்தது சுமார் 115. ஆண்டுக்கு ஒரு தம்ளர் போவது அரைத் தம்ளராகிறது. போனது திரும்ப வராது. பெரியப்பா எடுத்தது பிர்ஃபெனிடோன். சாப்பாட்டோடு சேர்த்து மூன்று வேளை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் தாங்காது. வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும். காலை பத்து மணிக்கு மேல் வயல் பக்கம் போவதை நிறுத்தினார். முழுக்கைச் சட்டையும் குடையும் வந்தன.

பிறகு ஆக்சிஜன் செறிவூட்டும் இயந்திரம் வந்தது. ராத்திரி முழுக்க அதன் உறுமல். முதல் வாரம் யாரும் தூங்கவில்லை, இப்போது அது நின்றால்தான் விழிக்கிறோம். கரண்டு போனால் என்ன செய்வதென்று இன்வெர்ட்டரும், கட்டிலடியில் ஒரு சிலிண்டரும். முதல் நாளே பெரியம்மா செய்த காரியம் எனக்கு மறக்காது. ஆக்சிஜன் பக்கத்தில் தீ ஆகாது என்று சொன்னதும், நாற்பது வருடமாகக் கூடத்தில் எரிந்த குத்துவிளக்கை எடுத்துப் பின்கட்டு மாடத்தில் வைத்தார். சூடம், ஊதுபத்தி எல்லாம் அங்கேயே. "சாமி அங்கேயும் இருக்கும்" என்றார்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், விசிலடிப்பதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொன்னார். நடக்கும்போது இத்தனை அடிக்கு ஒரு நிற்றல் என்று கணக்கு. இன்னொன்றும் சொன்னார்: முகத்தில் காற்றுப் படும்படி விசிறிக்கொள்ளுங்கள். முகத்துத் தோலில் குளிர்ந்த காற்று படும்போது, அங்குள்ள நரம்பு வழியே மூளைக்குப் போகும் செய்தி மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கிறது. கையடக்க விசிறியை வைத்து நடத்திய ஆய்வில் இது தேறியிருக்கிறது. பெரியப்பா கையில் இப்போது எந்நேரமும் பனையோலை விசிறி. ஆக்சிஜன் அளவு அதனால் கூடாது, ஆனால் பயம் குறைகிறது. அந்தப் பயம் குறைவதே பாதி மூச்சு என்கிறார்.

*

சுரண்டைக்கு நான் மூன்று முறை போனேன். முதல் முறை அத்தை காப்பி கொடுத்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாசல் கதவைச் சாத்தினார். "பேத்திக்கு மாப்பிள பாத்துக்கிட்டிருக்கோம் மருமவனே. இதப் பத்தி வெளிய மூச்சு விட்டுராத."

மூச்சு விடாதே. ரகசியத்துக்கு நம் மொழியில் உள்ள சொல் அதுதான். அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வியாதிக் குடும்பம் என்று ஒரு பேச்சு எழுந்தால் எத்தனை வாசலில் ஜாதகம் திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரியும். சின்னத் தாத்தாவின் பிள்ளைகளை ஊர் என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர். ஆனால் இந்த நோய் நாம் பேசாமல் இருப்பதால்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பிறந்ததுபோல வந்து நிற்கிறது. தாத்தாவின் ஆஸ்துமா உண்மையில் என்னவென்று யாராவது கேட்டிருந்தால், பெரியப்பாவின் அந்த ஆறு மாதம் வீணாகியிருக்காது.

இரண்டாம் முறை போனபோது அத்தை மகன், காப்பீட்டில் பணம் தரமாட்டார்களே என்றார். நியாயமான பயம். 'மரபணுக் கோளாறு' என்ற பொதுவான வார்த்தையைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருப்பதைச் சொன்னேன். ஒரு தீர்ப்பால் எல்லாப் பயமும் போய்விடாது. அத்தை அன்றும் சரி என்று சொல்லவில்லை. வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தபோது உள்ளே அவர் இருமுவது கேட்டது.

மூன்றாம் முறை நான் பேச்சை எடுக்கவே இல்லை. கல்யாண ஆல்பத்தையும், மருத்துவர் எங்களை வரையச் சொன்ன தாளின் நகலையும் மட்டும் எடுத்துப்போனேன். அத்தை தன் அண்ணனின் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மை தொட்டிருக்கான்" என்றார் உடனே. அவருக்குத் தெரியாத மையா? பிறகு தாளை வாங்கிக்கொண்டார். கறுப்பு அடித்த சதுரம் எது, கோடு போட்டது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விரல் சின்னத் தாத்தாவின் சதுரத்தில் வந்து நின்றது.

"இது சித்தப்பாவா?"

"ஆமா அத்தை."

"டாக்டர் என்ன எழுதியிருக்காரு?"

"ஈரல், காரணம் பார்க்கணும்னு போட்டிருக்கு."

"குடின்னு போடலையே?"

"போடல அத்தை."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சொட்டுத் தொட்டவரில்ல. அவரு செத்தன்னிக்கு எங்க ஆச்சி தெருவுல நின்னு கத்திச்சு, ஒருத்தன் நம்பல." இருமினார். தண்ணீர் குடித்தார். தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

தென்காசி லேபில், மேசைமேல் அத்தையின் இடது கை நீட்டிக் கிடந்தது. அங்கிருந்த பையன் ஊதா மூடிக் குழாயில் பெயர் எழுதப் பேனாவை எடுத்தான். அத்தை அவனிடம் பெயரையும் வயதையும் சொன்னார். கைப்பையிலிருந்து தாளை எடுத்து, மடிப்பை நீவி, அவன் முன்னால் வைத்தார். "தம்பி, இதையும் சேத்து அனுப்பு. இந்தச் சதுரத்துப் பக்கத்துல, இவரு குடிக்காதவருன்னு எழுதிக்க."